காப்புறுதி முகவர்: முதல் நாளிலேயே பழகவேண்டியவை

எமது கிராமங்களில் படித்த இளைஞரும் யுவதிகளும் காப்புறுதி முகவர்களாகின்றனர். தொழிலுக்கு முன் ஒரு பரீட்சை உண்டு. ஆனால் அதில் சித்தியடைவதால் மட்டும் நல்ல பழக்கங்கள் வந்துவிடுவதில்லை. மூன்றை இங்கு நோக்குவோம்.

முதலாவது, படிவத்தில் உண்மையை எழுதுதல். "எனக்குச் சீனி வருத்தம் கிடக்கு, தம்பி" என்கிறார் ஒருவர். எழுதினால் மருத்துவப் பரிசோதனை வரும், கட்டுப்பணம் கூடும், ஆள் பின்வாங்கலாம் என எண்ணி முகவர் "இல்லை" என்று குறித்துவிடுகிறார். காப்புறுதி அதியுயர் நம்பிக்கையின்மேல் அமைந்த ஒப்பந்தம். முக்கியமான உண்மை மறைக்கப்பட்டால், இழப்பீட்டை மறுக்கக் கம்பனிக்கு இடமுண்டு. அப்போது வெறுங்கையோடு நிற்பவள் அவரது விதவை. ஆகவே நிரப்பிய படிவத்தை உரக்க வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்குவோம்.

இரண்டாவது, பணத்தில் ஒழுங்கு. பணம் வாங்கிய இடத்திலேயே பற்றுச்சீட்டு எழுதுவோம். தாமதியாது கம்பனியில் ஒப்படைப்போம். சட்டைப்பையில் தங்கும் பிறர் பணம் சொந்தப் பணம்போலத் தோன்றத் தொடங்கும். அது கட்டப்படாவிட்டால் காப்புறுதியே காலாவதியாகலாம்.

மூன்றாவது, குடும்பத்தின் வருமானத்தை அறிதல். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில்தான் கைக்கு வரும். அந்த விவசாயியிடம் மாதாந்தக் கட்டுப்பணம் கேட்டால் சில மாதங்களில் நின்றுவிடும். அறுவடையின் பின் வருடத்துக்கு ஒருமுறை கட்ட ஒழுங்குசெய்தால் நிலைக்கும்.

தரகுப்பணம் அந்த ஒரு காப்புறுதிக்கே கிடைக்கும். நம்பிக்கையோ அடுத்த வீட்டுக் கதவையும் திறக்கும். சிறியவற்றில் உண்மையாயிருக்க இத்தொழில் நமக்கு நாள்தோறும் வாய்ப்புத் தருகிறது.