கட்டிலை உயர்த்தினார்கள், நோய் குறைந்தது!

மருந்து இல்லை. ஊசி இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். நோய் குறைந்துவிட்டது!

இது நடந்தது ஸ்பெயின் நாட்டில், பார்சிலோனா நகரத்து ஆஸ்பத்திரியில். முடிவு 1999-ம் ஆண்டு வெளியாயிற்று.

தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு "வென்டிலேட்டர்" என்ற எந்திரம் மூச்சுக் கொடுக்கிறது. இதற்காக வாய் வழியாக மூச்சுக் குழலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகுவார்கள். உயிரைக் காப்பது இந்தக் குழாய்தான். ஆபத்தைக் கொண்டுவருவதும் இதுதான்!

நமக்குப் புரை ஏறினால் இருமுகிறோம். உள்ளே போனது வெளியே வந்துவிடுகிறது. குழாய் போட்டவரால் சரியாக இருமமுடியாது. வாயில் ஊறும் எச்சிலும், வயிற்றில் இருந்து எதுக்களிக்கும் நீரும் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். கூடவே கிருமிகளும் இறங்கும். நிமோனியா வந்துவிடும்.

பார்சிலோனாவில் இப்படிக் குழாய் போட்ட 86 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 47 பேரை மட்டமாகப் படுக்கவைத்தார்கள். அவர்களில் 16 பேருக்கு நிமோனியா அறிகுறி தெரிந்தது.

மற்ற 39 பேரைப் பாதி உட்கார்ந்தாற்போல் சாய்த்துவைத்தார்கள். அவர்களில் 3 பேருக்குத்தான் அறிகுறி!

நர்சு இறக்கமாட்டார்

அதனால்தான் இப்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்கிறார்கள். முதுகெலும்பில் அடிபட்டவர்களைப் போன்ற சிலருக்கு மட்டும் இது ஆகாது.

"பாவம், கழுத்து வலிக்குமே! கொஞ்சம் இறக்குங்களேன்" என்று உறவினர்கள் கேட்பது உண்டு. நர்சு இறக்கமாட்டார். கோபிக்க வேண்டாம். கையைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னாலும் அப்படித்தான்.

நோயாளிக்குத் தினமும் பல் துலக்கிவிடுகிறார்கள். மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சுவிடுகிறாரா என்றும் பார்க்கிறார்கள். குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ, அவ்வளவு நல்லது.

எப்படித் தெரியும்?

குழாய் போட்டு 2 நாள் கழிந்தபின் காய்ச்சல், கெட்டியான மஞ்சள் சளி, எக்ஸ்ரேயில் புது நிழல் தெரிந்தால் டாக்டர் சந்தேகப்படுவார். ஆனால், வேறு நோயிலும் இவை வரும். ஆகவே சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. மருந்து உடனே தொடங்கும். எந்தக் கிருமி என்று தெரிந்தபின் மருந்தை மாற்றுவார்கள்.

2003-ல் பிரான்சு நாட்டு டாக்டர்கள் 401 பேரின் சிகிச்சை முடிவை வெளியிட்டார்கள். 8 நாள் மருந்து பெற்றவர்களுக்கும், 15 நாள் பெற்றவர்களுக்கும் சாவு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. சில முரட்டுக் கிருமிகள் மட்டும், 8 நாளில் நிறுத்தியவர்களிடம் அதிகமாகத் திரும்பி வந்தன. இப்போது பெரும்பாலும் 7 நாள்தான் மருந்து.