கயிற்றைக் கேளுங்கள், சொல்லும்!

கிணறு வற்றிவிட்டது என்கிறார் உழவர். மழை பொய்த்துவிட்டது என்கிறார் குவாரிக்காரர். மழைக்கு வாயிருந்தால் மறுத்திருக்கும். வாயில்லை, ஆகவே பழி முழுவதும் அதன் தலையில்!

தோழர்களே! திருச்சுழிப் பக்கத்துக் குண்டாறு ஆண்டில் சில நாட்களே ஓடும் ஆறு. ஓடாத ஆற்றில் தண்ணீர் ஏது என்று பட்டணத்துப் படிப்பாளி கேட்கக்கூடும். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும்வரை காத்திருந்து, மொண்டு மொண்டு குடம் நிறைத்த தாய்மார்களைக் கேட்கட்டும்! வெள்ளம் வடிந்த பிறகும் மணலுக்குள் தண்ணீர் குடியிருக்கிறது. கரையோரக் கிணறு அதை நம்பித்தான் வாழ்கிறது.

நீர் நிறைந்த மணல், தன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை விட்டுக் கொடுக்கும். கணக்குப் போடுங்கள். யூனிட் என்பது 100 கன அடி. மூன்று யூனிட் மணலோடு ஒரு லாரி போனால், சுமார் 1,700 லிட்டர் தண்ணீர் தங்கும் இடம் போயிற்று. நூறு குடத்துக்கு மேல்! தண்ணீரைத் திருடினால் அடுத்த மழை ஈடு செய்யும். தண்ணீர் தங்கும் வீட்டையே பெயர்த்துப் போனால்?

பட்டா நிலத்துக் கிராவல் குழியின் கதையும் இதுவே. பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்துக்குக் கீழே குழி இறங்கினால், கிணற்றுத் தண்ணீர் குழியை நோக்கி நடக்கும். பொக்லைன் நனையக் கூடாதென்று மோட்டார் வைத்து இறைப்பார்கள். இறைக்க இறைக்க இன்னும் வரும். யார் வீட்டுத் தண்ணீர் அது?

சட்டம் இல்லாமலா? ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27-ல் கூறிற்று. ஆற்று மணலை மூன்று மீட்டர் அல்லது நீர்மட்டம், இவற்றில் எது முன்னே வருகிறதோ அதற்குமேல் தோண்டாதே என்பது மத்திய அரசின் 2016 நெறிமுறை. தாமிரபரணிக்காகப் பொதுவுடைமைத் தோழர் நல்லகண்ணு மதுரைக் கிளை நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடினார். 2010-ல் ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. அவர் கட்சி வேறு, நம் கட்சி வேறு. அருப்புக்கோட்டைக் குழாய்க்கு வரும் தாமிரபரணித் தண்ணீருக்குக் கட்சி தெரியுமா?

ஆனால் நம் ஊர்க் கிணற்றுக்கு வாதாட, கையில் அளவு வேண்டும். குவாரி வந்தபின் அழுது பயனில்லை. முதல் லாரி வருமுன்பே, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கல் கட்டிய கயிற்றை விட்டுக் கிணற்று வாயிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று குறியுங்கள். தேதி போடுங்கள், இருவர் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள், தாசில்தாருக்கு ஒரு படி அனுப்பி ரசீது பெறுங்கள். குழிக்கு அருகில் ஒரு கிணறு. அதே மண்வாகுள்ள, குழிக்குத் தொலைவான இன்னொரு கிணறு. வறட்சி என்றால் இரண்டும் இறங்கும். தூரக் கிணறு மூன்றடி இறங்க, அருகுக் கிணறு பத்தடி இறங்கினால்? மழை விடுதலை, குழி கூண்டில் நிற்கட்டும்!

"கிணற்றை ஆழப்படுத்தித் தருகிறோம்" என்பார் குவாரிக்காரர். அடியில் கிடப்பது கடும்பாறை. வெடி வைத்துத் தோண்டினாலும் ஊறுமென்று உறுதியில்லை. தோண்டும் ஆழத்தை நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்துவதும், இறைத்த நீரைக் கண்மாயில் விடுவதும், அளவு இறங்கினால் வேலையை நிறுத்துவதும்தான் அனுமதியிலேயே ஏற வேண்டிய நிபந்தனைகள். லாரியில் லோடு ஏற்றும் தோழனின் கூலிக்கு நாம் பகையல்ல. அவன் வீட்டுக் குடமும் அதே கிணற்றில்தான் இறங்குகிறது. இன்னொன்று: லாரியின் முகப்பில் நமது கொடியே பறந்தாலும் கயிற்றின் கணக்கு மாறாது!

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் அளக்கிறது. அதே மாதங்களில்தான் கிராம சபையும் கூடுகிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, நவம்பர் 1. குறிப்பேட்டோடு போங்கள். அளவை உரக்கப் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.