உங்களுக்குத் தெரியுமா? கம்பிக்குப் பின்னால் ஒரு நோயாளி

1750-ல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு நியூகேட் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களோடு டைபஸ் காய்ச்சலும் வந்தது. பேன் மூலம் பரவும் இந்த நோய்க்கு அப்போது 'சிறைக் காய்ச்சல்' என்றே பெயர். லண்டன் மேயரும் நீதிபதிகள் இருவரும் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

சிறை மருத்துவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? சிறைத்துறைதான் சம்பளம் தருகிறது என்றால், அடிபட்டு வந்த கைதியின் காயத்தைத் தயங்காமல் எழுத அவரால் முடியுமா? நார்வே 1988-லேயே சிறை மருத்துவத்தைப் பொதுச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்தது. பிரான்ஸ் 1994-ல் அதே வழிக்கு வந்தது. இங்கிலாந்தில் இந்த மாற்றம் 2006-ல் முழுமை பெற்றது.

விடுதலையான முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது: அந்த இரண்டு வாரங்களில் அவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களுடையதைப் போல 12 மடங்குக்கும் மேல். போதைமருந்துதான் முதல் காரணம். உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு நின்றுபோகிறது. இதை உணர்ந்த ஸ்காட்லாந்து, 2011-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், ஓபியம் வகைப் போதையை முறிக்கும் நலாக்ஸோன் மருந்தை விடுதலையாகிறவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறது. கதவைத் திறந்துவிடுவதோடு அரசின் கடமை முடியவில்லை என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. நம் மாநிலங்களும் இதை யோசிக்க வேண்டும்.

சிறையில் பிறக்கும் குழந்தையின் பிறப்புப் பதிவில் சிறையின் பெயர் இடம்பெறக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2006-ல் ஆணையிட்டது. ஆறு வயதுவரை குழந்தை தாயோடு இருக்கலாம். அதன் உணவு, மருத்துவம், படிப்பு எல்லாம் அரசின் பொறுப்பு.

அஸ்ஸாமில் 1951-ல் கைதான ஓர் இளைஞர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-லேயே அவர் தேறிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தும் விசாரணை நடக்கவில்லை, சிறைக்கு மாற்றினார்கள். விடுதலையானது 2005-ல். 54 ஆண்டுகள்! குணமான ஒருவரைத் தேடி வரும் பொறுப்பு எந்தத் துறைக்கும் இல்லாமல் போனதுதான் இதில் நெஞ்சைச் சுடுகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சைப் பிரிவு இருந்தாக வேண்டும் என்கிறது. சிறை மருத்துவர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி தரவும் சொல்கிறது.

யாரைக் கைது செய்தாலும் உடனே மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது இன்று நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-வது பிரிவு. உடலில் காயம் இருந்தால் அறிக்கையில் பதிய வேண்டும். அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் நபருக்கோ தரப்பட வேண்டும். உங்களைச் சேர்ந்தவர் யாராவது கைதானால் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.