கருத்தரிக்கும் முன்னரே வேண்டும் போஷணை

கோஷா ஆஸ்பத்திரி வரை வந்த ஆராய்ச்சி

1928-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த லூஸி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர், அங்குப் பஞ்சாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்திருந்த கடும் ரத்தசோகையின் காரணத்தைத் தேடப் புகுந்து, குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பின்னர்ச் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தி, நோய்க்கு மூலம் கிருமியன்று, ஆகாரக் குறைவே என்று கண்டார். ஈஸ்டின் சாரமாகிய மார்மைட்டை உண்ணக் கொடுத்ததும் அந்த ஸ்திரீகளின் ரத்தம் தேறிற்று. அத்தகைய குணமளிக்கும் சத்து ஒன்று 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது.

முதல் நான்கு வாரங்கள்

சிசுவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் ஆதாரமான நரம்புக்குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்வதால், நாள் தள்ளிப்போயிற்றே என்று ஐயுற்று ஒரு பெண் வைத்தியரை நாடும் வேளையில் அக்காரியம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். இக்குழல் சரிவர மூடாத குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார், மறுபடி கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குறை திரும்ப நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைகிறது என்று 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று நிரூபித்தது. ஏனையோருக்கும், குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்குவது உசிதம்.

இரும்புச் சத்தின் கணக்கு

ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகையுடனேயே இருக்கின்றனர். முருங்கைக்கீரையும் பயறும் கேழ்வரகும் நல்ல ஆகாரங்களே எனினும், அவற்றிலுள்ள இரும்பு சிறிதளவே உடலில் சேருமாதலால், எலுமிச்சம்பழச் சாறு அல்லது நெல்லிக்காயைக் கூடச் சேர்த்து உண்பதும், சாப்பிட்ட கையோடு காபி, டீ அருந்தும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது ஒத்திவைப்பதும் அவசியம். கீரையை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் சத்தும் அதனோடு போய்விடும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தலாகாது.

எடையும் மாதவிலக்கும்

உடல் மிக மெலிந்தால் கருமுட்டை வெளிப்படுவதே நின்றுபோகலாம்; மிகப் பருத்தாலோ இன்சுலினின் செயல் தடுமாறி, மாதவிலக்கு ஒழுங்கு குலையலாம். சூலகத்தில் நீர்க்கட்டி உள்ளவர்களில் பருமனாயிருப்போருக்கு, எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலன் தெரிவதுண்டு.

குடும்பத்தின் கடமை

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்திப் பலவகைச் சாதம் படைத்து மகிழும் நாம், அந்தப் பெண்ணுக்கு அதற்கு முந்திய இருபது ஆண்டுகளாக, எல்லோரும் உண்டெழுந்தபின் எஞ்சிய ரசத்தையும் சோற்றையுமே விட்டுவைத்திருந்தோமாயின், அவ்விருந்து காலங்கடந்த உபசாரமேயாகும். ஆகவே, பூப்பெய்திய நாள் முதலாகவே, பருப்பிலும் கீரையிலும் முட்டையிலும் அவளுக்குரிய பங்கை வீட்டார் முதலில் எடுத்து வைக்கவேண்டும்.