ஆர்டர் ஏன் கடல் தாண்டிப் போகிறது?

வங்கதேசத்தில் பருத்தி விளைச்சல் மிகக் குறைவு. பஞ்சையும் நூலின் ஒரு பகுதியையும் வெளியிலிருந்து வாங்கித்தான் அங்கே ஆடை தைக்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் நிறையப் போகிறது. இருந்தும் 2024-25 நிதியாண்டில் அந்த நாடு ஏற்றுமதி செய்த ஆயத்த ஆடைகளின் மதிப்பு சுமார் 39 பில்லியன் டாலர். பருத்திக்காடு, நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று எல்லாவற்றையும் சொந்த மண்ணிலேயே வைத்திருக்கும் இந்தியா அதே ஆண்டில் ஏற்றுமதி செய்தது சுமார் 16 பில்லியன் டாலர்தான். பின்னலாடைக்குப் பேர்போன திருப்பூரின் பங்கு அதில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

பருத்தி விளையாத ஊர் பருத்தி விளையும் ஊரை முந்தியது எப்படி? கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில், “அங்கே கூலி கம்மி.” அந்தப் பதில் கதையின் முதல் பாதிக்கு, அதாவது தொழில் பணக்கார நாடுகளை விட்டுக் கிளம்பியதற்குப் பொருந்தும். அது எந்த நாட்டில் போய் இறங்கியது என்ற இரண்டாம் பாதிக்குப் பொருந்தாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் பயணம்: கூலியைத் தேடி

அமெரிக்காவில் 1990இல் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் ஒன்பது லட்சத்துக்கு மேல். இன்று ஒரு லட்சம் பேர்கூட இல்லை. இங்கே காரணம் கூலிதான், சந்தேகமில்லை.

எளிமைக்காக ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண டி-சட்டை ஒன்றுக்கு வெட்டு, தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 20 நிமிட ஆள் வேலை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலாளிக்கு மணிக்கு 15 டாலர் என்றால் அந்த 20 நிமிடத்துக்கு 5 டாலர். திருப்பூரில் எட்டு மணி நேர ஷிப்டுக்கு 550 ரூபாய் என்றால் அதே 20 நிமிடத்துக்கு 23 ரூபாய், அதாவது கால் டாலருக்குச் சற்று மேல். இந்த இடைவெளியை எந்த இயந்திரத்தாலும் நிரப்ப முடியவில்லை. துணி வழுக்கும், மடங்கும், இழுத்தால் நீளும். அதைப் பிடித்து ஊசிக்கடியில் ஓட்ட இன்றும் மனிதக் கை வேண்டும். அதனால்தான் காரும் விமானமும் செய்யும் நாடுகளால் பனியனைத் தக்கவைக்க முடியவில்லை.

கூலி வித்தியாசம் எப்போதும் இருந்ததுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ள வழி திறந்துவிட்டது கப்பல் கன்டெய்னர். 1956இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஆள் வைத்து ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆன செலவு, பெட்டியில் 16 சென்ட்டாக இறங்கியது. கடல் ஒரு தடையாக இருந்த காலம் அத்தோடு முடியத் தொடங்கியது.

கூலி குறைந்த நாடுகள் உலகில் பல டஜன் உண்டு. அத்தனைக்கும் ஆர்டர் போகவில்லை. கடல் தாண்டி வந்த ஆர்டர் எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதை முடிவு செய்பவை வேறு.

ஒரு டி-சட்டையின் கணக்கு

அதே டி-சட்டையைத் திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் 3 டாலருக்கு ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் ஏற்றிக்கொடுக்கும் இந்த விலையை எஃப்ஓபி என்பார்கள். ரூபாயில் சுமார் 255. இதில் பாதிக்கு மேல் துணிக்கே போய்விடும். அதாவது நூல், நிட்டிங், சாயம். கூலி 23 ரூபாய். மீதியில் பிரின்டிங், பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி, மின்சாரம், வட்டி, லாரி வாடகை. லாபம் ஐந்து சதவீதம் நின்றால் 13 ரூபாய்.

இனி வாங்குகிற இடத்துக்குப் போவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய இந்திய ஆடை நெடுங்காலமாகச் செலுத்திவந்த சுங்க வரி 9.6 சதவீதம். சலுகை இல்லாத நாடுகளுக்கு 12 வரை. நம் சட்டைக்கு 9.6 சதவீதம் என்றால் சுமார் 24 ரூபாய். வங்கதேசச் சட்டைக்கு வரி பூஜ்யம்.

வங்கதேசத்தில் கூலி திருப்பூரில் பாதி என்றே வைத்தாலும் ஒரு சட்டைக்கு மிச்சமாவது 12 ரூபாய்க்குள்தான். வரியில் மிச்சமாவது அதைப்போல இரு மடங்கு. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம், அதாவது பையர், இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் ஆர்டரை முடிவு செய்கிறார்.

வரியும் விதியும்

வங்கதேசத்துக்கான இந்த வரிச் சலுகை யாரும் திருடிப் பெற்றதல்ல. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம், மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து ஆயுதம் தவிர எந்தப் பொருள் வந்தாலும் வரியில்லை என்று அறிவித்தது. ஆனாலும் ஒரு நிபந்தனை இருந்தது. துணி நெய்வது, தைப்பது என இரண்டு கட்டமாவது அந்த நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும். 2011 ஜனவரியில் அந்த நிபந்தனையும் தளர்ந்தது. வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்து அனுப்பினாலே போதும், வரி விலக்கு உண்டு.

அதற்கும் முந்தைய கதை இன்னும் சுவாரசியமானது. 1974 முதல் 2004 வரை பணக்கார நாடுகள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணிமணி வாங்குவது என்று கோட்டா வைத்திருந்தன. தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துக்குக் கோட்டா போதவில்லை. கோட்டா கட்டுப்பாடு இல்லாத நாட்டைத் தேடி வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டது. 1979இல் தேஷின் பணியாளர்கள் சுமார் 130 பேர் கொரியாவின் பூசானுக்குப் போய்த் தொழில் பழகி வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார்கள், அல்லது பிற கம்பெனிகளில் சேர்ந்தார்கள். ஒரு நாட்டின் தொழிலே அந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து பரவியது எனலாம்.

வங்கதேச அரசும் இரண்டு வசதிகள் செய்துகொடுத்தது. ஏற்றுமதிக்கென்று இறக்குமதியாகும் துணிக்கு வரி இல்லை. வரி கட்டாமலே பாண்டட் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். பையர் கொடுத்த எல்சியை, அதாவது அவருடைய வங்கியின் பண உறுதிக் கடிதத்தை, உள்ளூர் வங்கியில் காட்டினால், அதன் பேரிலேயே துணி வாங்க இன்னொரு எல்சி திறந்து தருவார்கள். கையில் பெரிய முதல் இல்லாதவரும் ஏற்றுமதியில் இறங்க முடிந்தது.

நம் வீட்டுச் செலவுகள்

நாம் பின்தங்கிப் போவதற்குப் பாதிக் காரணங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. முதலாவது நூல். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2022இல் உள்நாட்டுப் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. நூல் விலை மாதாமாதம் ஏற, அந்த மே மாதம் திருப்பூர் இரண்டு நாள் கதவடைப்புச் செய்தது. ஆர்டர் எடுக்கும்போது நூலுக்கு ஒரு விலை, துணி ஓட்டும்போது வேறு விலை. பையரிடம் போய் விலையைக் கூட்டிக் கேட்க முடியாது. பஞ்சு வரி அந்த ஆண்டு ஏப்ரலிலேயே தற்காலிகமாக நீக்கப்பட்டது, பின் திரும்பியது, 2025 ஆகஸ்ட்டில் மீண்டும் தற்காலிகமாக நீக்கப்பட்டது. பருத்தி விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் பஞ்சைக் காக்கும் வரி, அந்தப் பஞ்சில் தைத்த சட்டையின் விலையையும் ஏற்றுகிறது. இரண்டையும் ஒரே கருவியால் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது சாயம். நொய்யலில் விட்ட சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாய நிலங்களைக் கெடுத்தது. விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டார்கள். ஐரோப்பா வங்கதேசத்துக்கு விதியைத் தளர்த்தியதும் இதே மாதம்தான். ஒரு பக்கம் வாசல் அகலமாகத் திறந்தது, இன்னொரு பக்கம் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது.

இன்று திருப்பூர்ப் பட்டறைகள் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். செய்ய வேண்டியதுதான். முன்பு அந்தச் செலவை நொய்யல் கரை விவசாயி தன் கிணற்றால் கட்டிக்கொண்டிருந்தார், இப்போது தொழில் கட்டுகிறது. சிக்கல் என்னவென்றால், போட்டி நாடுகளில் இதே கண்டிப்பு இல்லை. அங்கே சாயச் செலவு குறைவு.

மூன்றாவது மின்சாரம், வட்டி போன்ற சில்லறை போலத் தெரியும் செலவுகள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தபோது, நிலைக்கட்டணமும் பீக் ஹவர் கட்டணமும் தாங்கவில்லை என்று சிறு நிட்டிங், பவர் டேபிள் (கூலிக்குத் தைக்கும் பட்டறை) உரிமையாளர்கள் குரல் எழுப்பினார்கள். சட்டைக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான் கூடும். லாபமே 13 ரூபாய் என்னும்போது ஒன்றிரண்டு ரூபாய் சின்னத் தொகை அல்ல.

அளவும் நேரமும்

திருப்பூரில் ஒரு லாட் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். கோன் நூல் நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது. அங்கிருந்து கிரே துணியாகச் சாயப்பட்டறைக்கு, பிறகு துணி சுருங்காமல் இறுக்கும் காம்பாக்டிங்குக்கு, வெட்டுக்கு, பிரின்டிங்குக்கு, பவர் டேபிளுக்கு, கடைசியில் செக்கிங், அயனிங், பேக்கிங். பெரும்பாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு ஜாப் ஒர்க் யூனிட். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு டெலிவரி சலான், ஒரு வேன் நடை, ஒரு காத்திருப்பு. சாயத்தில் ஷேடு மாறினால் லாட் திரும்பி வரும். ஷிப்மென்ட் தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதோடு போயிற்று.

இந்த அமைப்புக்குப் பலமும் உண்டு. பத்து கலரில், ஐந்து டிசைனில், இரண்டாயிரம் பீஸ் வேண்டும் என்றால் திருப்பூரைப்போல் செய்து கொடுக்க ஆளில்லை. ஒரே கலரில் இரண்டு லட்சம் பீஸ் என்றால் ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கான மெஷின் வைத்திருக்கும் டாக்கா தொழிற்சாலைக்கு அது எளிது. உலகச் சந்தையில் பெரிய ஆர்டர்கள் இரண்டாவது ரகம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒருமுறை போன தொழில் திரும்பி வருவது அபூர்வம். மூடுவது ஒரு தொழிற்சாலை மட்டும் அல்ல. ஓவர்லாக் மெஷினை அரை மணியில் சரிசெய்யும் மெக்கானிக், ஊசியும் எலாஸ்டிக்கும் விற்கும் கடை, துணியைத் தொட்டே அதன் எடையை (ஜிஎஸ்எம்) சொல்லும் மாஸ்டர் என எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அமெரிக்கா வரியை எவ்வளவு ஏற்றினாலும் பனியன் அங்கே திரும்பாமல் நாடு விட்டு நாடு மாறுவதற்குக் காரணம் இதுவும்தான்.

கூலியில் கை வைத்தால் சரியாகுமா?

ஆர்டர் குறையும்போதெல்லாம் முதலில் எழும் யோசனை, கூலியைக் கட்டுப்படுத்துவது. அது எவ்வளவு உதவும் என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்று அங்கே ஆடைத் தொழிலின் குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு நாணயமான டாக்காவில், மாதம் 3,000. அதன்பின் படிப்படியாக ஏறி 2023 டிசம்பரில் 12,500 டாக்கா ஆனது. விலைவாசி அதில் ஒரு பகுதியைத் தின்றது உண்மை. ஆனாலும் கூலி நான்கு மடங்கான அந்தப் பத்தாண்டில் ஆர்டர் ஓடிப்போகவில்லை, ஏற்றுமதி வளர்ந்தது. வரிச் சலுகையும் பெரிய தொழிற்சாலைகளும் கைவசம் இருந்ததால் கூலி உயர்வைத் தாங்க முடிந்தது.

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. அப்போது வங்கதேசத்துக்கு 20. நம் 3 டாலர் சட்டையில் அந்த இடைவெளி மட்டும் 90 சென்ட். சட்டையின் மொத்தக் கூலியே 27 சென்ட். திருப்பூர்த் தொழிலாளர்கள் அத்தனை பேரும் ஒரு பைசா வாங்காமல் தைத்திருந்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பியிருக்காது.

ஆக, நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் வேறு. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய - பிரிட்டன் ஒப்பந்தம் ஆடைக்கான வரியை நீக்க வழி செய்கிறது. வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து 2026 நவம்பரில் வெளியேறுவதாகத் திட்டம். வெளியேறினாலும் ஐரோப்பியச் சலுகை மேலும் மூன்று ஆண்டு நீடிக்கும். அந்த அவகாசத்தில் நாம் செய்ய வேண்டியவை தெளிவானவை: பஞ்சு, நூல் விலையில் நிலைத்தன்மை, சுத்திகரிப்புச் செலவில் அரசின் பங்கு, சிறு யூனிட்டுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன், பருத்தியைத் தாண்டிச் செயற்கை இழை ஆடைகளிலும் தேர்ச்சி.

இனி எந்தத் தொழில் வெளிநாட்டுக்குப் போனதாகச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். வாங்கும் நாட்டில் யாருக்கு எவ்வளவு வரி? மூலப்பொருள் யாருக்கு என்ன விலை? ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து சரக்கு போய்ச் சேர யாருக்கு எத்தனை நாள்? பதில் பெரும்பாலும் இந்த மூன்றில் இருக்கும். 255 ரூபாய்ச் சட்டையில் 23 ரூபாயாக இருக்கும் கூலியை வெட்டி ஆர்டரைத் திரும்பப் பிடிக்கலாம் என்பது கணக்குத் தெரியாத யோசனை.