ஜெம்சிட்டபைன் எதிர்ப்பு

ஜெம்சிட்டபைன் எதிர்ப்பு என்பது கணையப் புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையில் பயன்படும் ஜெம்சிட்டபைன் மருந்துக்குப் புற்றுநோய் உயிரணுக்கள் கட்டுப்படாதிருக்கும் நிலை ஆகும். இது தொடக்கத்திலேயே காணப்படலாம். சிகிச்சையின்போது தோன்றவும் கூடும். இதனை முன்னரே அறிய உதவக்கூடிய மரபணுக்களும் புரதங்களும் மூலக்கூற்றுக் குறிப்பான்கள் எனப்படுகின்றன.

மருந்து செயற்படும் முறை

ஜெம்சிட்டபைன், டி.என்.ஏ.யின் கட்டுமானக் கூறுகளுள் ஒன்றை ஒத்த மூலக்கூறு ஆகும். நீரில் எளிதில் கரைவதால் இது உயிரணு மென்சவ்வைத் தானாகக் கடப்பதில்லை. எச்.ஈ.என்.டி-1 முதலான கடத்திப் புரதங்களே இதனை உட்செலுத்துகின்றன. உள்ளே டியாக்சிசிட்டிடின் கைனேசு என்னும் நொதி பாசுபேட்டைச் சேர்த்து மருந்தைச் செயலூக்குகிறது. பின்னர் அது டி.என்.ஏ. இழையில் இணைந்து, இழை மேலும் வளர்வதைத் தடுக்கிறது.

எதிர்ப்புக்கான காரணங்கள்

* எச்.ஈ.என்.டி-1 குறைவாக இருத்தல்: மருந்து போதிய அளவு உட்புகாது.
* டியாக்சிசிட்டிடின் கைனேசு குறைதல்: மருந்து செயலூக்கம் பெறாது.
* ரைபோநியூக்கிளியோடைடு ரிடக்டேசு மிகுதல்: இயல்பான கட்டுமானக் கூறுகள் பெருகி மருந்துடன் போட்டியிடும்.
* சிட்டிடின் டீஅமினேசு மிகுதல்: மருந்து விரைவில் செயலிழக்கும்.

எச்.ஈ.என்.டி-1 பற்றிய ஆய்வுகள்

அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருந்து பெற்றோரை ஆராய்ந்த ஐரோப்பாவின் எசுபாக்-3 ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. ஜெம்சிட்டபைன் பெற்றோரில் இப்புரதம் மிகுந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 26.2 மாதங்கள், குறைந்தவர்களுக்கு 17.1 மாதங்கள். 5-புளூரோயுராசில் பெற்றோரிடம் இத்தகைய பயன் காணப்படவில்லை. எனவே இப்புரதம் நோயின் பொதுவான போக்கை அன்றி, குறிப்பிட்ட மருந்தின் பயனையே முன்னறிவிப்பதாகக் கருதப்பட்டது.

ஆயினும், நோய் பரவிய நிலையிலுள்ளோரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான லீப் ஆய்வில் இத்தொடர்பு தென்படவில்லை. இரு ஆய்வுகளும் வெவ்வேறு பிறபொருளெதிரிகளைக் கொண்டு புரதத்தை அளந்தன. நோயாளிகளின் நிலையும் வேறுபட்டிருந்தது. அளவிடும் முறை ஒருமைப்படாதவரை, ஒருவருக்குப் பயன்தரக்கூடிய மருந்து தவறாக மறுக்கப்படும் இடர் உண்டு. ஆகையால் இச்சோதனை வழமையான மருத்துவத்தில் இடம்பெறவில்லை.

பிற குறிப்பான்கள்

இக்கட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் கே-ராசு மரபணு மாற்றம் காணப்படுகிறது. பெரும்பாலோரிடமும் இருப்பதால், மாற்றம் உண்டா இல்லையா என்பதை மட்டும் கொண்டு நோயாளிகளை வேறுபடுத்துவது கடினம். எசுமாட்-4 மரபணு இழப்பு, நோய் உடலெங்கும் பரவுவதுடன் தொடர்புடையதாக 2009-இல் அறியப்பட்டது. பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் மரபுவழி மாற்றம் உள்ளோருக்குப் பிளாட்டினம் சார்ந்த மருந்துகள் கூடுதல் பயன் தரக்கூடும். அம்மருந்துகளுக்குக் கட்டுப்பட்ட பின் வழங்கப்படும் ஓலாபரிபு, நோய் மீண்டும் முற்றுவதைத் தாமதப்படுத்துவதாக 2019-இல் போலோ ஆய்வு காட்டியது. எனினும் மொத்த வாழ்நாள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.