உஷார்! கொல்லிமலையில் கல் நடுகிறார்கள்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருகிறவர்கள் வியூ பாயின்ட்டையும் ஆகாய கங்கையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். போன முறை போனபோது என் கண்ணில் பட்டது வேறு. செம்மேட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சிறு ரோடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய தோட்டம். அதற்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், தலையில் மஞ்சள் பெயின்ட், பக்கவாட்டில் கறுப்பில் ஒரு எண். முப்பதடி தள்ளி இன்னொன்று. எண்ணிக்கொண்டே நடந்தேன், இருபத்திரண்டு வந்தது. கடைசிக் கல் தோட்டத்தைத் தாண்டி ஊர் மந்தையின் ஓரத்துக்குள் நின்றது. ஒரு பையன் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டுப் பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவரிடம், “என்னங்கய்யா, மந்தைக்குள்ள கல்லு நிக்குது?” என்று கேட்டேன்.

“அளந்தவங்க நட்டுட்டுப் போனாங்க தம்பி. தோட்டத்தைத்தான் வித்தாங்க, மந்தையை யாரும் விக்கலை. கல்லு மட்டும் வந்து நிக்குது.”

அந்தக் கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். நான் குடியிருப்பது சமவெளியில், ஒரு புறநகர் மனைப்பிரிவில். மனை வாங்கிய நாளில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். நடுவில் பச்சை வண்ணம் தீட்டி ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் என் மனைவி சம்மதித்தாள். பன்னிரண்டு வருடம் அங்கே சீமைக்கருவேலம் வளர்ந்தது. ஒரு நாள் ஜேசிபி வந்து சுத்தம் செய்தது; பூங்கா வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டோம். வந்தது இரண்டு வீடு. ஓடிப்போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கும் தானப்பத்திரம் கடைசிவரை பதியப்படவே இல்லை என்று. நாங்கள் நம்பியது ஒரு பச்சைப் பென்சில் கோட்டை. இன்றைக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் ரோட்டில்தான் விளையாடுகிறார்கள், பைக் வந்தால் ஒதுங்கிக்கொண்டு. அதே கல் மலை ஏறிவிட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைப்பிரிவாகப் போட்டால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதைத் தாண்டினால் பணம் செல்லாது, நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியின் பெயருக்கு மாற்ற வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, இதெல்லாம் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது.

ஆனால் மலையில் விற்கிறவர்கள் ‘மனை’ என்ற வார்த்தையையே வாயில் எடுப்பதில்லை. போர்டைப் பாருங்கள்: ‘பண்ணை நிலம்’, ‘எஸ்டேட் பங்கு’, ‘வார இறுதி வீட்டுக்கு ஏற்ற தோட்டம்’. விவசாய நிலமாகவே துண்டு போட்டு, ஐந்து சென்ட் பத்து சென்ட்டாக எழுதிக் கொடுக்கிறார்கள். மனைப்பிரிவு என்று ஒன்று காகிதத்தில் இல்லை. மனைப்பிரிவே இல்லையென்றால் அந்த 10 சதவீதம் எங்கிருந்து வரும்? பூங்காவும் இல்லை, ஊராட்சிக்கு ஒப்படைத்த ரோடும் இல்லை. ஐந்து வருடத்தில் அங்கே இருபது காட்டேஜ் நிற்கும். அவற்றில் வந்து தங்குகிறவர்கள் காரை நிறுத்துவதற்கும், பாட்டுப் போட்டு ஆடுவதற்கும், கறி சுடுவதற்கும் இடம் தேடும்போது பக்கத்தில் காலியாக இருப்பது எது? ஊர் மந்தை. அடுத்தது கோயில் காடு.

மலையில் நிலத்தைத் துண்டு போடுவது சமவெளியில் போடுவது போல அல்ல. 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம், ‘ஹாகா’ என்று அலுவலகங்களில் சொல்வார்களே, அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்காமல் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடையாது. மரம் வெட்டுவதற்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வாங்க நினைக்கிறவர்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்கிறவர் “விவசாய நிலம்தானே சார், ஹாகா எதுக்கு?” என்று சொன்னால், அந்த இடத்தில் வீடு கட்ட உங்களுக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம் என்பதைத்தான் அவர் சொல்லாமல் விடுகிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மலைக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டியது இன்னும் அவசரமானது. பழங்குடி மக்கள் பெருவாரியாக வாழும் மலை என்பதால் நிலத்துக்குத் தனிக் காவல் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் தமிழ்நாட்டின் எந்தப் பகுதியும் சேர்க்கப்படவில்லை. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அட்டவணைப் பகுதி கிராம சபைகளுக்கு இருக்கிற தனி அதிகாரச் சட்டம் இங்கே பொருந்தாது. ஆகவே நம் கையில் இருக்கிற சட்டங்களை நாமே எடுத்துப் பிடித்தால்தான் உண்டு. அவை இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் நிலம், களத்துமேடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. கோயில் காடு வன எல்லைக்குள் வந்தால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக உரிமை கோரலாம். அந்த மனு கிராம சபையிலிருந்துதான் புறப்பட வேண்டும். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. வருடக்கணக்கில் அனுபவித்துவிட்டோம், செலவு செய்து கட்டிவிட்டோம் என்பதெல்லாம் ஆக்கிரமிப்புக்கு நியாயம் ஆகாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கோயில் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலைக்கு அதுதான் ஆதிப் பூங்கா. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், விறகு பொறுக்க மாட்டார்கள். ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் சொன்னால் அது சட்டம். ஒரு காவலாளி சம்பளம் இல்லாமல் எத்தனையோ தலைமுறை காப்பாற்றிய காடு. அங்கே ஊறுகிற தண்ணீர்தான் ஓடையாகி ஐயாற்றில் சேர்ந்து ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்கு இறங்குகிறது. மேலே ஒரு சோலை மொட்டையானால் கீழே கிணறு வற்றும். துறையூர்ப் பக்கத்து விவசாயிகளும் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

இன்னொரு ஆபத்து நல்ல முகத்தோடு வரும். “உங்க ஊருக்குப் பூங்கா சாங்ஷன் ஆயிருக்கு” என்பார்கள். கைதட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றப்போகிறவருக்கு யார் சம்பளம் தருவது?

2016-17இல் ஊரகப் பகுதிகளுக்கு 500 அம்மா பூங்காக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் அறிவிக்கப்பட்டன. கட்டுவதற்குப் பணம் வந்தது. பராமரிப்பை ஊராட்சியின் தலையில் வைத்தார்கள். பல ஊர்களில் அவற்றின் கதி என்ன ஆனது என்பதைச் சமவெளியில் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம்: சங்கிலி அறுந்து ஒரு பக்கமாகத் தொங்கும் ஊஞ்சல், துருப்பிடித்த சறுக்கு மரம், பூட்டிய கேட்டுக்குள் இடுப்பளவு புல். ஊராட்சித் தலைவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 15ஆவது நிதிக்குழு 2021-22 முதல் ஊரக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்குத் தொடக் கூடாது என்றார்கள். தெருவிளக்குக் கரண்ட் பில்லும் மோட்டார் ரிப்பேரும் போனால் சின்ன ஊராட்சியின் கையில் என்ன மிஞ்சும்? தோட்டக்காரர் வைக்க வழியில்லாத ஊராட்சிக்குப் பூங்கா கட்டிக் கொடுப்பது, தீவனத்துக்கு வழியில்லாதவனுக்கு மாட்டைத் தானம் கொடுப்பது போலத்தான்.

பராமரிப்பு இல்லாமல் பூங்கா பாழானால் அடுத்து ஒரு குரல் வரும். “சும்மாதானே கிடக்கு, டெண்டர் விட்டுறலாம்.” அங்கேதான் மிகவும் உஷாராக இருக்க வேண்டும். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடத் தீர்மானம் வந்தது. விளையாட ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். வடசென்னைப் பையன் எங்கே போவான்? எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். அங்கே கேட்க ஆள் இருந்தது. பெங்களூர் ராஜ்மஹால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோதும் குடியிருப்போர்தான் வழக்குப் போட்டார்கள். பூங்கா இடத்தைப் பூங்காவாகத்தான் வைக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது.

அப்படியானால் பணத்துக்கு என்ன வழி? நம் முன்னோர் செய்ததுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘திருநந்தவனப்புறம்’ என்ற சொல் வரும். கோயிலுக்கு நந்தவனம் வைத்தவர்கள், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சாப்பாட்டுக்கு என்று தனியே நிலமும் எழுதி வைத்தார்கள். செடியை நடும்போதே தோட்டக்காரனின் சோற்றையும் நட்டார்கள். இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரம் 1992இல் தன் பூங்காக்களை ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது, கூடவே கடைகளும் அலுவலகக் கட்டடங்களுமாகச் சொத்தையும் கொடுத்தது. அந்த வாடகையில் பூங்காக்கள் இன்றுவரை நடக்கின்றன.

கொல்லிமலையில் வருமானத்துக்குப் பஞ்சமில்லை. ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாவில் வண்டிகள் எத்தனை ஏறுகின்றன என்று பாருங்கள். மலையில் எங்கெல்லாம் சீட்டுக் கிழிக்கிறார்களோ, பார்க்கிங்குக்குக் காசு வாங்குகிறார்களோ, அங்கெல்லாம் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு அதே ஊரின் மந்தைக்கும் பூங்காவுக்கும் கோயில் காட்டுக்கும் என்று தனிக் கணக்கில் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கிராம சபையில் அந்தக் கணக்கை வாசிக்க வேண்டும். சம்பளம் அதிலிருந்து, அந்த ஊர்ப் பெண்களுக்கே போகட்டும். பெரிய பட்ஜெட் தேவையில்லை. ஒரு ஆள், ஒரு ஹோஸ் பைப், மாதாமாதம் தவறாத சம்பளம். இதுவரை கட்டிய எத்தனையோ பூங்காக்களில் இல்லாமல் போனது இவ்வளவுதான்.

இதை ஏன் இப்போதே கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் அதில் அடக்கம். தனி அலுவலர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. மாற்றலில் வந்து மாற்றலில் போகிறவர்களுக்கு எந்தக் கல் எந்த மந்தைக்குள் நிற்கிறது என்று எப்படித் தெரியும்? ஊரில் பிறந்தவருக்குத் தெரியும். ஊர்க்காரர் சொல்லாவிட்டால் காகிதத்தில் இருப்பதே உண்மையாகிவிடும்.

அன்று அந்தப் பெரியவரிடம் மந்தையின் சர்வே எண் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். சுற்றி நின்ற இளைஞர்களுக்கும் தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் ‘மந்தைவெளி’ அல்லது ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று எண்ணோடும் பரப்போடும் இருக்கும். புலப்பட நகலும் வாங்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு, கல் எங்கே நிற்கிறது என்று சர்வேயரை அளக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் கிராம சபை கூட வேண்டிய நாட்கள் இந்த ஆறு. அடுத்தது வருவதற்குள் உங்கள் ஊர் மந்தையின் சர்வே எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.